முன் கேட் வழியாக

நவம்பர் 4, திங்கள்

வருஷா வருஷம் கம்பெனி கொடுக்கும் டைரியில் இதுவரை நான் எழுதியது பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய தேதியும்தான். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று ஹெச்.ஆர். நிரஞ்சன் சார் என்னிடம் எழுதி வாங்கியிருக்கிறார். டைரி அந்த 'யாரிடமும்' கணக்கில் வராது. வந்தாலும் வரட்டும். எதையாவது மனதுக்குள் பூட்டி வைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

விஷயம் இதுதான். ஆள் குறைக்கப் போகிறார்கள். மிக்ஸி மோட்டார் லைன்கள் இரண்டில் ஒன்றை ஓசூரிலிருந்து எடுத்துக்கொண்டு வடக்கே போகிறார்களாம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த கை இன்னும் காயவில்லை. ஒவ்வொருவராக 'சங்கமம்' மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, பேசி, கையெழுத்து வாங்கி, அங்கிருந்தே டாக்ஸியில் ஏற்றி பின் கேட் வழியாக அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அழுவார்கள், கத்துவார்கள். பக்கத்தில் ஒரு பழகிய முகம் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

“அரசி மேடம், இங்க ரிட்டயர் ஆன எல்லாரையும் நீங்கதான வழியனுப்பி வச்சிருக்கீங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?” என்றார் நிரஞ்சன் சார்.

அது உண்மைதான். எங்கள் கம்பெனியில் யாராவது ரிட்டயர் ஆனால் அன்றைய ஷிப்ட் பஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். தெருமுனையிலேயே டிரைவர் முனிவெங்கடப்பா நீளமாக ஹார்ன் அடிப்பார். எல்லோரும் இறங்கி, ரோஜா மாலை போட்டு, ஆளை வீட்டுக்காரர்களிடம் ஒப்படைத்து, கேசரியும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். பூ மாலைக்குச் சொல்லி வைப்பது, யார் எங்கே நிற்பது, யார் அழுதால் யார் தண்ணீர் கொடுப்பது, எல்லாம் இந்த மங்கையர்க்கரசி பொறுப்பு. பேசுவதும் நான்தான். ஒரே பேச்சுதான். “இது ஓய்வு இல்லை, இடமாற்றம். கம்பெனியிலிருந்து வீட்டுக்கு மாற்றலாகிப் போறீங்க” என்று ஆரம்பிப்பேன். முதல் ஆளாகக் கை தட்டுவதும் நானே.

“உங்க ரோல் சேஃப் மேடம், அதைப் பத்திக் கவலையே படாதீங்க” என்று லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சின்னப் பையன், முகம் பார்த்துப் பேசக் கூச்சம்.

பெருமையாகத்தான் இருந்தது. டைரியிடம் எதற்குப் பொய்?

நவம்பர் 6, புதன்

முதல் ஆள் ஸ்டோர்ஸ் செல்வகுமார். கேன்டீனில் சொல்லி ஸ்டீல் டம்ளரில் காபி வாங்கி வைத்திருந்தேன். மிஷின் காபியைக் கொடுத்து ஒரு மனுஷனை வேலையை விட்டு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

செல்வகுமார் கத்தவில்லை. பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியைக் குடித்தார், கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். எழுந்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ, “இது ஓய்வு இல்லை சார், இடமாற்றம்...” என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. முழுப் பேச்சையும் பேசி முடித்தேன். முடித்ததோடு நிற்காமல் படபடவென்று கை தட்டினேன்.

அந்த ரூமில் நான், அவர், நிரஞ்சன் சார், ஒரு தண்ணீர் பாட்டில். வேறு யாரும் தட்டவில்லை. செல்வகுமார் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நிரஞ்சன் சார் மட்டும் அப்புறம், “நைஸ் டச் மேடம்” என்றார்.

சீ.

நவம்பர் 7, வியாழன்

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. குக்கர் கேஸ்கட் மாற்ற வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

இன்றைக்கு மூன்று பேர். கை இரண்டையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரும் பேப்பரைப் படிப்பதில்லை. அதுதான் உறுத்துகிறது. பேக்கிங் கற்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அரசிக்காவே பக்கத்துல உக்காந்திருக்காங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். நிரஞ்சன் சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ரூமிலேயே கிடப்பதால் லைனில் என் இன்ஸ்பெக்‌ஷன் வேலையைக் காவ்யா என்ற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். கெட்டிக்காரி, சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். புது லோகோ போட்ட ஐ.டி. கார்டு எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. பிரிண்டிங்கில் தாமதமாம். இவ்வளவு பெரிய கம்பெனியில் ஒரு கார்டு அடிக்க வக்கில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது முனிவெங்கடப்பா கேட்டார். “ஏம்மா, இத்தனை சீட்டு காலியாப் போச்சு. ஒருத்தருக்கும் மாலை கிடையாதா?”

“பஸ்ஸை எடுங்கண்ணா” என்றேன். அவரிடம் அப்படி நான் எரிந்து விழுந்ததே இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இட்லி மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். பனியில் எதுவும் காயவில்லை. மத்தியானம் ரசத்துக்குத் தாளிக்கும்போது என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். பேட்டரி கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் லீவு விட்டால் இப்படித்தான், வீட்டில் என்னை ஆராய்ச்சி பண்ணுவார்.

“என்ன அரசி, ஒரு வாரமா உன் மூஞ்சி சார்ஜ் இறங்கின பேட்டரி மாதிரி இருக்கு?”

“கம்பெனில ஆடிட்டுங்க.”

“ஆடிட்டுக்கு யாராவது அழுவாங்களா?”

“வெங்காயம் உரிச்சேன்.”

“ரசத்துக்கு ஏதுடி வெங்காயம்?”

கரண்டியைப் போட்டுவிட்டு அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று ஞாபகமில்லை. அவர் பாட்டுக்கு அப்பளம் பொரித்தார். பாதி கருகிப்போனது. கருகினதை எல்லாம் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 12, செவ்வாய்

வியாழக்கிழமை ஃபிலோமினாவைக் கூப்பிடப் போகிறார்கள்.

நானும் ஃபிலோவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பஸ்ஸில் மூன்றாவது சீட்டு எங்களுடையது. ஜன்னல் பக்கம் அவள், எனக்குத்தான் காற்று பட்டால் தும்மல் வரும். என் பெண் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவள். அவள் மகன் இன்னும் காலேஜில் படிக்கிறான். அவள் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து சும்மாதான் இருக்கிறார். இதெல்லாம் நிரஞ்சன் சாருக்கும் தெரியும்.

“அவங்க உங்க ஃப்ரெண்டு இல்ல? அதனால இது ஸ்மூத்தா போயிடும்” என்றார்.

ஸ்மூத்தாம்! அந்த வார்த்தை காலையிலிருந்து தொண்டையில் நிற்கிறது. எனக்கு எதற்காக அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள் என்று இப்போதுதான் உறைக்கிறது. அழுகிறவர்களைத் தேற்றுவதற்கு இல்லை. பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போட வைப்பதற்கு. கத்துகிற ஆளை அடக்க செக்யூரிட்டி போதும். படிக்க நினைக்கிற ஆளை அடக்கத்தான் அரசியும் ஸ்டீல் டம்ளரும்.

சாயங்காலம் பஸ்ஸில் ஃபிலோ நேராகவே கேட்டாள். “என் பேரு இருக்காடி?”

“புளி என்ன விலை விக்குது பாத்தியா?” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் ஸ்டாப்பில் இறங்கும்போது வழக்கமாக என் தொடையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள். இன்றைக்குத் தட்டவில்லை.

நவம்பர் 13, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பஸ் பாகலூர் ரோடு பூ மார்க்கெட்டைத் தாண்டுகிறபோது சொன்னேன். அதுவரை வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ரோஜாக் கட்டுகளைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை. இவளுக்கு ஒரு மாலைகூட இல்லாமல் பின் கேட் வழியாகவா?

“நாளைக்குக் கூப்பிடுவாங்க ஃபிலோ. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நான் இருக்கேன்னு நம்பி எதுலயும் கையெழுத்துப் போட்டுராத. ஒரு வரி விடாம படி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கணும்னு கேளு. காபி குடிக்காத.”

“காபியில என்னடி கலந்திருக்கீங்க?”

“என்னையத்தான் கலந்திருக்காங்க.”

அவள் சிரித்தாள். நான் அழுதேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியும்டி. நீ புளி விலை கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ என்னிக்கு விலை பாத்து வாங்கினே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். “சரி, உனக்கு?”

“என் பேரு இல்ல. ரோல் சேஃப்னு சொல்லிட்டாங்க.”

“கார்டு வந்துருச்சா?”

“பிரிண்டிங்ல லேட்டு.”

ஃபிலோ முந்தானையை இழுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். துக்கம் கேட்க வந்தவள் துடைக்கிற மாதிரி துடைத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

நவம்பர் 14, வியாழன்

இன்றைக்கு நான் காபி சொல்லவில்லை.

ஃபிலோ உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். மாதா கோவிலில் வாசகம் படிக்கிறவள் அவள். அதே குரலில், வரிக்குக் கீழே விரல் வைத்து, சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். நிரஞ்சன் சார் வாட்சைப் பார்த்தார்.

“'என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்'...” என்று நிறுத்தினாள். “யாரு விருப்பம் சார்?”

“அது ஸ்டாண்டர்டு ஃபார்மட் மேடம். எல்லாருக்கும் அதுதான்.”

“எனக்கு விருப்பம் இல்லையே. நீங்க போகச் சொல்றீங்க, போறேன். 'நிர்வாகத்தின் முடிவின்படி'ன்னு மாத்திக் குடுங்க. பொய்ல கையெழுத்துப் போட மாட்டேன்.”

நிரஞ்சன் சார் என்னைப் பார்த்தார். நான் இந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். டம்ளரை நகர்த்தி வைக்க வேண்டும், ஆதரவாகத் தோளைத் தொட வேண்டும். பேக்கிங் கற்பகத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

“அவ சொல்றது சரிதான் சார். அவளாவா போறா?”

“மேடம், நீங்க யாரு பக்கம்?”

நாற்காலியை இழுத்து ஃபிலோவை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். தரையில் கிறீச்சென்று சத்தம் வந்தது. “இந்தப் பக்கம்” என்றேன்.

திங்கட்கிழமை வரை நேரம் வாங்கிக்கொண்டு ஃபிலோ வெளியே போனாள். கதவு மூடியதும் நிரஞ்சன் சார் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“நேராவே சொல்லிடறேன் மேடம். உங்க பேரும் இருக்கு. முதல்லேர்ந்தே இருக்கு. எல்லாரையும் முடிச்சிட்டுக் கடைசியா உங்ககிட்ட பேசறதா இருந்தோம்.”

நெஞ்சு அடைக்கப்போகிறது, கண் இருட்டப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாள் பூரா போட்டிருந்த இறுக்கமான செருப்பை வாசலில் கழற்றிய மாதிரி இருந்தது. நிஜமாகவே கால் விரல்களை விரித்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. காவ்யா, கார்டு, லேப்டாப்பைப் பார்த்துச் சொன்ன சேஃப். கழுதைக்குக்கூடத் தெரிந்திருக்கும்! நான் சிரிப்பதைப் பார்த்து அவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“தண்ணி வேணாம் சார், காபி சொல்லுங்க. எல்லாருக்கும் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து காபி குடுத்தோம். எனக்கு நீங்கதான் உக்காரணும்.”

எழுந்து போய் அவரே வாங்கி வந்தார். மிஷின் காபி. வரும் வழியிலேயே பாதி சிந்திவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரை எந்த ரூமுக்கு யார் கூப்பிடப் போகிறார்களோ. முழுதும் குடித்தேன். கேவலமாக இருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “அப்ப காலையில எனக்கும் சூடா இட்லி கிடைக்குமா? ஹாட்பாக்ஸ் இட்லி தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு” என்றார். இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார்போல. கட்டிப்பிடித்துக்கொண்டேன். கடைச் சாவி வாங்க வந்த பையன் பார்த்துவிட்டான், பார்க்கட்டும்.

நவம்பர் 18, திங்கள்

ஃபிலோவின் பேப்பரில் வரியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவள் இன்னொரு தடவை சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“உங்களுக்கும் மாத்திட்டேன் மேடம்” என்று என்னிடம் நீட்டினார் நிரஞ்சன் சார்.

“எனக்குப் பழைய வரியே இருக்கட்டும் சார். என்னோட சொந்த விருப்பம்தான்.”

“பைத்தியமாடி உனக்கு?” என்று ஃபிலோ காதைக் கடித்தாள். என் பேப்பரில் போட்டிருக்கிற தொகை எந்த வரியானாலும் மாறாது என்று தொழிலாளர் துறையில் இருக்கிற என் மச்சினரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். நான் அவ்வளவு மக்கு இல்லை. ஆனால் அந்த வரி எனக்கு வேண்டும். வியாழக்கிழமை அந்த நாற்காலியை இழுத்துப் போட்டபோதே நான் போய்விட்டேன். அவர்கள் அனுப்பியது அதற்கு அப்புறம்தான்.

பின் கேட்டில் டாக்ஸி நிற்கிறது என்றார். வேண்டாம், பஸ்ஸில் போகிறோம் என்றோம். கார்டு இல்லாமல் பஸ்ஸில் ஏற முடியாது என்றார். நாங்கள் முன் கேட்டில் வேப்ப மரத்தடியில் பையை வைத்துக்கொண்டு ஷிப்ட் விடும்வரை உட்கார்ந்து கதை பேசினோம். கடைசியாக எப்போது இப்படி வேலை நேரத்தில் வெயிலில் உட்கார்ந்தோம் என்று ஞாபகமே வரவில்லை.

பஸ் வந்ததும் செக்யூரிட்டி குறுக்கே வந்தான். முனிவெங்கடப்பா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார். “இவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? கார்டு என்னாத்துக்கு? ஏறுங்கம்மா!”

ஏறினோம். மூன்றாவது சீட்டு. மாலை இல்லை, பேச்சு இல்லை. யாருக்கும் மாலை வாங்கத் தோன்றவில்லை. எப்போதும் வாங்குகிறவள் நான்தானே! பஸ்ஸே ஏதோ தப்புச் செய்த மாதிரி மௌனமாக வந்தது. எங்கள் தெருமுனை வந்ததும் முனிவெங்கடப்பா ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. என் வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்து கதவைத் திறந்தார்.

“கேசரி இல்லையே!” என்றார், முகமெல்லாம் திகிலாக.

நவம்பர் 23, சனி

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் நானும் ஃபிலோவும் பாகலூர் ரோட்டில் ரோஜா மாலைகள் வாங்கிக்கொண்டு கடை வேனில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். பின் கேட் வழியாகப் போன அத்தனை பேர் வீட்டுக்கும் போவதென்று முடிவு. முதலில் செல்வகுமார் வீடு. வாசல் வந்ததும் நான் நின்றுவிட்டேன். ஃபிலோதான் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

செல்வகுமார் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். “அன்னிக்கு நீங்க கை தட்டுனப்ப, பளார்னு ஒண்ணு விடலாமான்னு தோணுச்சு எனக்கு” என்றார்.

“விட்டிருக்கணும்” என்றேன். “என்னை மன்னிச்சிருங்க.”

“வீட்டுக்கு வந்து சொன்னேன். என் சம்சாரம் சிரிச்சா பாருங்க, அப்படிச் சிரிச்சா. வேலை போன அன்னிக்கு எங்க வீட்ல கேட்ட ஒரே சிரிப்பு அதான். சரி, உள்ள வாங்க.”

மாலை போட்டேன். போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். “ஸ்பீச் எங்க?” என்றார் அவர். வேண்டாம் என்று தலையாட்டினேன். “'இது ஓய்வு இல்லை', சொல்லுங்க. எங்க எல்லாருக்கும் மனப்பாடம்.” சொன்னேன். நடுவில் ஒரு வரி விட்டுப்போனது, அவரே எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு வேனில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வீடு ஒருவராக ஏறினார்கள். வேன் நெருக்கியடித்தது. கற்பகம் வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை. உள்ளே டி.வி. சத்தம் கேட்டது. கேட்டில் மாலையை மாட்டப் போனேன். “வேண்டாம்டி, அவளுக்கு மனசு ஆறல. அப்புறமா வந்து பேப்பரையாவது பாப்போம்” என்று ஃபிலோ தடுத்தாள். கற்பகம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பேப்பரை, தொகை சரிதானா என்று என் மச்சினரிடம் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மறுபடியும் போவேன். திறக்காவிட்டால் செவ்வாய்க்கிழமையும்.

கடைசியில் எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். தெருமுனையில் முனிவெங்கடப்பா தன் மகனுடைய ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஹார்ன் இல்லை என்று ஆட்டோ ஹார்னை பீப்பீ என்று அடித்தபடியே முன்னால் போனார். எனக்கும் ஃபிலோவுக்கும் செல்வகுமார் வழியில் தனியாக மாலை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. வாசலில் நிற்க வைத்துப் போட்டார்கள். நான் நிற்க வேண்டிய இடத்தில் செல்வகுமார் நின்று தொண்டையைச் செருமினார்.

“இது ஓய்வு இல்லை...”

“இடமாற்றம்!” என்று மொத்தக் கும்பலும் கத்தியது.

செல்வகுமார் என்னைப் பார்த்துக்கொண்டே, தனியாக, படபடவென்று கை தட்டினார். ஒரு நொடி அவர் மட்டும்தான் தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷம்தான்.

என் வீட்டுக்காரர் கேசரி என்று சொல்லி ஒன்றைப் பரிமாறினார். உப்புமாவில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை.

நவம்பர் 25, திங்கள்

அலாரம் வைக்கவில்லை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கு முழிப்பு வந்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்து செருப்பைத் தேடினேன். தெருமுனையில் பஸ் வந்து நின்று, லேசாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

அவர் புரண்டு படுத்து, “என்ன அரசி?” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க, பஸ்ஸு” என்றேன். போர்வையை இழுத்துக் காதுவரை போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் வந்திருந்தது. இட்லி ஊற்றிவிட்டுக் கற்பகம் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.